ஆதரவு விலை: கணக்கில் விழும் பணமா, களத்தில் கிடைக்கும் விலையா?

வேலூரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரருக்கு, ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருப்பது தெரியும். நெல் விலை உயர்வு பற்றிய செய்தி பேப்பரில் வந்த அன்று அவர் சொன்னார்: "உங்களுக்கு இன்னாபா, நெல்லு போட்டா போதும். ஆதரவு விலைன்னு கவர்மெண்டு அக்கவுண்ட்ல போட்டுனே கீறான்."

அன்று இரவே வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவருடைய கேள்வி நேர் எதிர்: "ஆதரவு விலைக்குக் கீழ வாங்கக் கூடாதுன்னு சட்டம் கீதில்ல? இந்த வியாபாரி மேல கேஸ் போட முடியாதா?"

ஒருவர் ஆதரவு விலையைப் பணம் என்று நினைக்கிறார். இன்னொருவர் சட்டம் என்று நினைக்கிறார். இரண்டும் தப்பு. நம் பக்கத்தில் தினமும் அடிபடும் இந்த வார்த்தையைப் பற்றி இவ்வளவு குழப்பம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். விவசாயம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அடியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் டீக்கடைக்காரர் சொன்ன அந்தப் பணம் எது என்று பார்த்துவிடலாம். விவசாயிகளின் வங்கிக் கணக்கில் நேரடியாக விழுவது பிஎம் கிசான் தொகை. 2019 முதல் கொடுக்கப்படுகிறது. வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகை மாறாது. விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

## பூக்காரம்மாவும் மாலை கட்டும் அம்மாவும்

மாலையில் ஒரு பூக்காரம்மா மல்லி கட்டி விற்கிறார். ஆறு மணிக்கு முழம் 30 ரூபாய். ஒன்பது மணிக்குக் கூடையில் பாதி மிச்சம் இருக்கிறது. கட்டிய பூ மறுநாள் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், வாங்க வருபவருக்கும் தெரியும். அதனால் 10 ரூபாய்க்குக் கேட்பார்கள். அவரும் கொடுத்துவிட்டுப் போவார்.

இப்போது கோயிலுக்கு மாலை கட்டும் ஒரு அம்மா தெருமுனையில் வந்து உட்காருகிறார். "எவ்வளவு மிஞ்சினாலும் முழம் 20 ரூபாய்க்கு நான் எடுத்துக்கிறேன்" என்கிறார். அடுத்து 10 ரூபாய்க்குக் கேட்டு வருபவரிடம் பூக்காரம்மா என்ன சொல்வார்? "போம்மா, மூலையில குடுத்தாலே இருவது." வந்தவர் 20, 22 கொடுத்து வாங்குவார். மாலை கட்டும் அம்மா அன்று ஒரு முழம்கூட வாங்காமல் போகலாம். ஆனாலும் அவர் அங்கே உட்கார்ந்திருந்ததே விலையைத் தாங்கிப் பிடித்தது.

குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது இதுதான். ஒரு விளைபொருளை வேறு யாரும் நல்ல விலைக்கு வாங்காவிட்டால், இந்த விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அரசு சொல்லும் வாக்கு.

கதையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். அந்த அம்மா ஏழு மணிக்கே எழுந்து போய்விட்டால்? மூலையில் இல்லாமல் நான்கு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால்? "மல்லிதான் எடுப்பேன், கனகாம்பரம் வேண்டாம்" என்றால்? "பூ கொஞ்சம் ஈரமா இருக்கு, காய வச்சு எடுத்துட்டு வா" என்றால்? 20 ரூபாய் என்ற வாக்கு அப்படியே இருக்கும், பூக்காரம்மா மட்டும் பழையபடி 10 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போவார். ஆதரவு விலையில் நம் ஊரில் நடக்கும் சண்டை எல்லாம் இந்த நான்கு "ஆல்"களில் ஏதாவது ஒன்றில் வந்து நிற்கும்.

## விலையை யார் சொல்கிறார்கள்

தில்லியில் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1965-ல் வேளாண் விலைகள் ஆணையம் என்ற பெயரில் தொடங்கி, 1985-ல் இந்தப் பெயருக்கு மாறியது. இது பரிந்துரை செய்கிறது. மத்திய அமைச்சரவையின் பொருளாதாரக் குழு முடிவு செய்து அறிவிக்கிறது. 22 விளைபொருள்களுக்கு ஆதரவு விலை உண்டு. நெல், கேழ்வரகு, வேர்க்கடலை, துவரை, உளுந்து, பச்சைப்பயறு, எள், பருத்தி, கொப்பரை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. தக்காளி, வாழை, மாங்காய் இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய நம்முடைய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் ஆதரவு விலை கிடையாது. பேர் கிடைத்தது, விலைக்கு யாரும் பொறுப்பில்லை.

2025-26 பருவத்தில் நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, சாதாரண ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். சாதாரணமா சன்னமா என்பது மணியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. நம் பக்கத்தில் "குண்டு" என்று சொல்லும் ஏடிடி 37 சாதாரண ரகம்.

இதன் மேல் தமிழ்நாடு அரசு தன் கைப்பணத்தைச் சேர்க்கிறது. அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர். அதே பருவத்தில் சாதாரண ரகத்துக்கு 131, சன்ன ரகத்துக்கு 156. கூட்டினால் 2,500, 2,545. செய்தியில் ஒரு நாள் ஒரு எண்ணும் இன்னொரு நாள் வேறு எண்ணும் வருவதற்குக் காரணம் இந்த இரண்டு அடுக்கு. மத்திய விலை மே, ஜூன் வாக்கில் வருகிறது. மாநிலத் தொகை கொள்முதல் தொடங்கும்போது வருகிறது.

இன்னொரு தொல்லை, அரசு குவிண்டாலில் பேசும், நம் வியாபாரி 75 கிலோ மூட்டையில் பேசுவார், கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கு 40 கிலோ பிடிப்பார்கள். மூன்றையும் ஒன்றாக்கிப் பார்க்கப் பழக வேண்டும். சாதாரண ரகத்துக்கு 2,500 என்றால் 75 கிலோ மூட்டைக்கு 1,875 ரூபாய், 40 கிலோ சாக்குக்கு 1,000 ரூபாய். வியாபாரி "மூட்டை ஆயிரத்தைநூறு" என்றால் அவர் கொடுப்பது குவிண்டாலுக்கு 2,000 ரூபாய்தான். மூட்டைக்கு 375 ரூபாய் இடைவெளி. ஏக்கருக்கு 25 மூட்டை கண்டது என்று வைத்தால் 9,375 ரூபாய்.

இதுவரை: ஆதரவு விலை ஒரு கொள்முதல் வாக்கு. அடி விலை தில்லியிலிருந்து வருகிறது, மேலே கொஞ்சம் சென்னையிலிருந்து வருகிறது.

## ஒன்றரை மடங்கு என்றால், எதில் ஒன்றரை?

"செலவுக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம்" என்று அரசு சொல்கிறது. "கொடுக்கவே இல்லை" என்று விவசாயச் சங்கங்கள் சொல்கின்றன. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. செலவு என்ற சொல்லை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள்.

வீட்டு வாசலில் இட்லி விற்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, கேஸ், மாவு அரைக்கும் கூலி எல்லாம் கையிலிருந்து போகும் காசு. இது முதல் செலவு. வேளாண் கணக்கில் இதற்கு ஏ2 என்று பெயர். விதை, உரம், டீசல், நடவாள் கூலி, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் இதில் வரும்.

காலை நான்கு மணிக்கு எழுந்து அக்கா ஊற்றுகிறார், மகன் பாத்திரம் கழுவுகிறான். வெளியாள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும் இல்லையா? குடும்ப உழைப்புக்கான அந்தக் கூலியையும் சேர்த்தால் ஏ2-வுடன் எஃப்எல்.

அக்கா கடை போட்டிருக்கும் திண்ணை சொந்த வீடு. வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் ஏதோ வந்திருக்கும். அண்டா, அடுப்பு வாங்கிய பணத்தை வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். இந்த இரண்டையும் சேர்த்தால் வருவது சி2. வயல் கணக்கில், சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும்.

எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை கொடுக்க வேண்டும் என்றது. சங்கங்கள் அந்தச் செலவை சி2 என்று படிக்கின்றன. 2018-19 மத்திய பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு அறிவித்த அரசு, இரண்டாவது கணக்கை, அதாவது கைக்காசும் குடும்ப உழைப்பும் சேர்ந்ததை, எடுத்துக்கொண்டது. 2025-26-ல் நெல்லுக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று போட்டார்கள். ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 2,368 ரூபாய் 50 காசு. விலை எப்படி 2,369 ஆனது என்பது இவ்வளவுதான்.

அந்த 1,579 இந்தியா முழுமைக்குமான சராசரி. கால்வாயில் தண்ணீர் ஓடும் ஊரும், ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கி இறக்கிக் கடன்பட்ட ஊரும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பாலாற்றங்கரையில் மணலைப் பார்த்துக்கொண்டு விவசாயம் செய்பவருக்கு அந்தச் சராசரி தன் கணக்கு மாதிரி தெரியாது. என் கட்சி எது என்று கேட்டால், நிலத்தின் வாடகையை முழுதாகச் சேர்ப்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் குத்தகை கொடுத்து உழுகிறவருக்கு அது காகிதக் கணக்கு இல்லை, கையிலிருந்து போகும் நிஜப் பணம்.

## எண் எப்போது பணமாகிறது

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். அறிவித்த விலை கைக்கு வரவேண்டுமென்றால் நெல் ஒரு வாசல் வழியாகப் போக வேண்டும். அந்த வாசலுக்குப் பெயர் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அறுவடைக் காலத்தில் திறந்து, முடிந்ததும் மூடிவிடும் தற்காலிக இடங்கள் இவற்றில் நிறைய. பேச்சில் "டிபிசி" அல்லது வெறும் "களம்". வாங்குவது பெரும்பாலும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்.

விவசாயி முதலில் ஆன்லைனில் பதிய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் வேண்டும். சிட்டா என்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பதிவு. அடங்கல் என்றால் அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் பதிவு. எதற்கு இவ்வளவு காகிதம்? வெளியூரில் குறைந்த விலைக்கு வாங்கிய நெல்லை வியாபாரியே கொண்டுவந்து அரசு விலைக்குத் தள்ளிவிடாமல் இருக்க.

முறை வந்ததும் நெல்லைக் கொட்டித் தூற்றுவார்கள். பிறகு ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதம்தான் வரம்பு.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? சின்னக் கணக்கு போடுவோம். 22 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லில் 78 கிலோதான் உண்மையான நெல், மீதி தண்ணீர். அது 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை ஏறக்குறைய 94 கிலோவாகிவிடும். அப்படியே வாங்கினால் அரசு 6 கிலோ தண்ணீருக்கு நெல் விலை கொடுத்ததாகும். அதைவிட முக்கியம், ஈர நெல்லை அடுக்கி வைத்தால் சூடேறும், பழுப்பாகும், அந்த அரிசி ரேஷன் கடைக்குப் போய் நாம் எல்லோரும் திட்டுவோம். ஆக, விதியில் நியாயம் இருக்கிறது.

வயலில் நிலைமை வேறு. கையால் அறுத்த காலத்தில் அரி போட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து வருவதற்குள் நெல் பாதி காய்ந்துவிடும். இப்போது மெஷின் காலையில் இறங்கினால் மதியத்துக்குள் நெல் டிராக்டரில் இருக்கிறது, நின்ற ஈரத்தோடு. நம் வட மாவட்டங்களில் நெல்லுக்கு மூன்று பட்டம், அதாவது மூன்று பருவம்: சம்பா, நவரை, சொர்ணவாரி. நவரை சித்திரை வெயிலில் அறுப்புக்கு வருவதால் பிழைத்தது. சொர்ணவாரி ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது. அப்போதுதான் வேலூரில் மாலையானால் இடி இடித்து மழை கொட்டும். காய வைக்க ஊர்ப் பொதுக் களம் போதாமல் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பியிருப்பதைப் பார்த்து பைக்கில் போகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். அந்த எரிச்சலுக்கு அடியில் இருப்பது இந்த 17 சதவீதம். மழைக் காலங்களில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்து, வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. ஆனால் குழு வந்து போய் உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்க வேண்டும்.

ஒரு சொர்ணவாரியில் சித்தப்பா அப்படித்தான் எட்டு நாள் காத்திருந்தார். எந்த நிலையம் என்பது வேண்டாம். நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு, ராத்திரி அங்கேயே கட்டில் போட்டுப் படுத்தார். ஆறாம் நாள் மழையில் அடியில் இருந்த நெல் முளைவிட்டது. மூன்று மூட்டை தனியாக ஒதுக்கிக் கோழிக்குத்தான் போட்டோம். அடுத்த பட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்த வியாபாரியிடம் மூட்டைக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கே காசு வந்துச்சு, ராத்திரி தூக்கமும் வந்துச்சு" என்றார்.

இது முட்டாள்தனம் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். தார்ப்பாய் வாடகை, காவல், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, மழை பயம், கடைக்காரருக்குத் தர வேண்டிய உரப் பாக்கி, இதையெல்லாம் மனதில் கூட்டிக் கழித்துத்தான் ஒரு விவசாயி அந்த 300 ரூபாயை விடுகிறார். பூக்காரம்மா கதையில், மூலையில் உட்கார்ந்த அம்மாவிடம் போய்வரும் செலவு 10 ரூபாய் என்றால் அவருடைய 20 ரூபாய் வாக்கு உண்மையில் 10 ரூபாய் வாக்குதான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லா நெல்லும் அரசு களத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. சோற்றுக்கு விரும்பி வாங்கும் சன்ன ரகங்களுக்கு ஆரணி அரிசி ஆலைக்காரர்களின் தேவை எப்போதும் உண்டு. கலவை, ஆரணி, அம்மூர் என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன. வியாபாரிகள் ஏலத்தில் விலை கேட்கும் அரசுச் சந்தைகள் அவை. அங்கே வாங்குபவர் வியாபாரி, அரசு வெறும் நடுவர். 2023-ல் அரிசி விலை ஏறியபோது தமிழ்நாட்டில் பல இடங்களில் வியாபாரிகளே ஆதரவு விலையைத் தாண்டிக் கொடுத்தார்கள். அப்போது கொள்முதல் நிலையத்தில் ஆளில்லை என்றால் அது தோல்வி ஆகாது. மாலை கட்டும் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கும் நாள் பூக்காரம்மாவுக்கு நல்ல நாள்.

## மானியம் யாருக்குப் போகிறது

கொள்முதல் செய்த நெல் அரவை ஆலைக்குப் போய் அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. 2,500 ரூபாய் கொடுத்து வாங்கிய நெல்லின் அரிசி, தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு இலவசம். வாங்கிய விலை, அரவைக் கூலி, சாக்கு, லாரி, கிடங்கு எல்லாம் சேர்ந்த செலவுக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பட்ஜெட்டில் உணவு மானியம் என்று எழுதுகிறார்கள்.

இப்போது டீக்கடைக்காரரின் பேச்சுக்கு வருவோம். விவசாயி நெல்லைக் கொடுத்தார், காசு வாங்கினார். அது வியாபாரம். சந்தையைவிட அதிகம் கிடைத்த பங்கு மட்டும் அவருக்கான ஆதரவு. மானியத்தின் பெரும் பங்கு கடையில் நின்று அரிசி வாங்கும் வீட்டுக்குப் போகிறது, அதில் டீக்கடைக்காரர் வீடும் உண்டு. இதை அவரிடம் சொன்னேன். "அந்த அரிசிய ஆரு துன்றா" என்று, ரேஷன் அரிசியை மாவுக்கு அரைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இந்த ஏற்பாட்டின் பிறப்பிலேயே இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. விலை ஆணையம் வந்த அதே 1965-ல்தான், சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. ஜனவரி 14 அன்று, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ஒன்று விலை சொல்லும், இன்னொன்று வாங்கிச் சேர்த்து ஊருக்குக் கொடுக்கும். வாங்காமல் விலை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம் மானாவாரிக் காடுகளைப் பார்க்கலாம்.

## மல்லாட்டைக்கு விலை உண்டு, களம் இல்லை

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வேர்க்கடலை என்றால் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பது வாயில் உருண்டு உருண்டு அப்படியானது. ஏரித் தண்ணீர் எட்டாத செம்மண் மேட்டில் மழையை நம்பிப் போடும் பயிர் அதுதான். 2025-26-ல் அதற்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நல்ல எண். ஆனால் அறுவடைக் காலத்தில் நெல்லுக்குத் திறப்பதுபோல் ஊருக்கு ஊர் மல்லாட்டைக்குக் களம் திறந்து நான் பார்த்ததில்லை.

எண்ணெய் வித்துகளுக்கும் பயறுகளுக்கும் விலை ஆதரவுத் திட்டம் என்று தனியே ஒன்று உண்டு. சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால், மாநிலம் கேட்டு, மத்திய அரசு ஒப்புக்கொண்டு, நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு நிறுவனம் போன்ற அமைப்பு வாங்கும். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட அளவுவரை. மல்லாட்டை பிடுங்கிய கையோடு விற்பவருக்கு இந்தக் கடித வரிசை ரொம்ப நீளம். அவருக்கு விலை சொல்வது செக்குக்காரரும் மண்டிக்காரரும். அவர்களுக்கு விலை சொல்வது கப்பலில் வரும் பாமாயில். நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதன் மீதான சுங்கவரியை அரசு கூட்டினாலோ குறைத்தாலோ, அணைக்கட்டில் மல்லாட்டைக்காரருக்கு ஆதரவு விலையைவிட அதுதான் உறைக்கும்.

கேழ்வரகைப் பாருங்கள், இன்னும் தெளிவாகப் புரியும். அதற்கும் பல வருடமாக ஆதரவு விலை இருக்கிறது, 2025-26-ல் 4,886 ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அரசு கேழ்வரகு வாங்கத் தொடங்கியது அண்மையில்தான். எப்போது தெரியுமா? தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுப்பது என்று முடிவான பிறகு. ரேஷனில் எது போகிறதோ அதற்குக் களம் திறக்கிறது. எனக்குத் தெரிந்து ஆதரவு விலையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி 2015-ல் அறிக்கை கொடுத்த சாந்தகுமார் குழு, நாட்டில் 6 சதவீத விவசாயிகள்தான் ஆதரவு விலைக்கு அரசிடம் விற்றார்கள் என்று சொன்னதும் இந்தக் காரணத்தால்தான். பட்டியலில் 22 பொருள் இருக்கலாம், வாசல் திறப்பது முக்கியமாக நெல்லுக்கும் கோதுமைக்கும்.

## சித்தப்பாவின் கேஸ்

கடைப் பொருளின் அட்டையில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் கடைக்காரர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். அதே பழக்கத்தில் ஆதரவு விலையையும் நினைத்துவிடுகிறோம். ஆதரவு விலைக்குக் கீழே வாங்கும் வியாபாரியைத் தண்டிக்க நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. அந்த விலை அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதைச் சட்டமாக்குங்கள் என்பது 2020-21-ல் தில்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

கரும்புக்கு மட்டும் கதை வேறு. அங்கே விலை சட்டப்படி கட்டாயம். நியாயமான ஆதாய விலை என்று பெயர். கரும்பிலிருந்து நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை இறங்குகிறது என்பதைச் சர்க்கரைக் கட்டுமானம் என்பார்கள், விலை அதைப் பொறுத்தது. 2024-25 பருவத்தில் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்தால் டன்னுக்கு 3,151 ரூபாய். இதை அரசு கொடுப்பதில்லை, ஆலை கொடுக்க வேண்டும், அதுவும் கரும்பு இறக்கிய 14 நாளில். அதன் மேல் தமிழ்நாடு அரசு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது. அம்முண்டி ஆலைக்குக் கரும்பு வெட்டும் விவசாயி கையில் வாங்கும் தொகையில், ஒரு பகுதி ஆலையின் கடமை, ஒரு பகுதி அரசின் மானியம். டீக்கடைக்காரர் நினைத்த மாதிரி "கவர்மெண்டு போடும் பணம்" என்றால் இந்த 349-தான் அதற்குக் கிட்டத்தில் வருகிறது.

## வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் ஆகாதா

ஆகும், சில இடங்களில் செய்கிறார்கள். நெல்லை யாரிடமாவது விற்றுக்கொள், ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை நான் கணக்கில் போடுகிறேன் என்பது அந்த முறை. களம் வேண்டாம், சாக்கு வேண்டாம், கிடங்கு வேண்டாம். அமெரிக்காவில் 2014 முதல் கிட்டத்தட்ட இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. சட்டத்தில் குறித்த விலையைவிடச் சந்தை விலை இறங்கினால், அந்த வருடம் விவசாயி என்ன போட்டார் என்று பார்க்காமல், பழைய பதிவில் அவர் பெயரில் இருக்கும் ஏக்கரை வைத்து வித்தியாசம் கொடுக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசம் 2017-ல் சோயாவுக்கும் வேறு சில பயிர்களுக்கும் இதைச் செய்து பார்த்தது. எப்படியும் மீதியை அரசு கொடுக்கும் என்று தெரிந்ததும் வியாபாரிகள் கேட்கும் விலையையே இறக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இங்கே ரேஷனுக்கு அரிசியும் வேண்டும் என்பதால், நெல்லில் இந்த முறை வரும் என்று நான் நினைக்கவில்லை. மல்லாட்டைக்குச் செய்து பார்க்கலாம் என்பது என் ஆசை.

## அடுத்த அறுப்புக்கு முன்னால்

விற்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். நெல் பால் பிடிக்கும்போதே விஏஓவிடம் அடங்கலைப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் சிட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, உழுவது பேரன். குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல், சாகுபடி செய்வது தான்தான் என்று விஏஓ சான்று கொடுத்தால்தான் பதிய முடியும். நிலக்காரரோடு வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால், அவர் தலையாட்டாமல் அந்தச் சான்று சுலபமாக வராது. மழை வரும்போல் இருந்தால் களத்தில் கொட்டாதீர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் எந்த விலைக்குக் கழிப்பார் என்று அப்போதே மூட்டைக் கணக்கில் அல்லாமல் குவிண்டால் கணக்கில் பேசிவிடுங்கள்.

வங்கிக் கணக்கையும் ஒரு தடவை பார்க்கவும். போன நவரையில் சித்தப்பா மறுபடி களத்துக்கே போட்டார், வெயிலில் நெல் சல்லென்று காய்ந்து ஒரே நாளில் எடை போட்டாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. மூன்று வருடம் தொடாமல் வைத்திருந்த கணக்கை வங்கி முடக்கியிருந்தது. அதைத் திறக்க அவரை ஒடுக்கத்தூருக்கும் வேலூருக்குமாக நான்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன்.